காஜா பெராங் நீலக் குழந்தை

போன வாரம் உங்கள் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். தேத்தண்ணி, கறிபாப் எல்லாம் கொடுத்து இந்த ஓய்வுபெற்ற மனிதனை நன்றாகக் கவனித்தீர்கள். அப்புறம் ஒரு தங்கச்சி தன் குடுவைச் சோதனையின் வரைபடத்தைக் காட்டி விளக்கினாள். "சார், உடம்புக்குள்ள நைட்ரஜன் மூலக்கூறுகள் சில கண்டபடி திரியும், கிடைச்சதைத் தாக்கும். தூக்கம் வரவைக்கிற மெலடோனின் ஹார்மோன் அதுங்களைப் பிடிச்சிடுது. பிடிக்கும்போது அதுவே உடைஞ்சிடுது. ஆனா உடைஞ்ச துண்டுங்களும் சும்மா இருக்கிறதில்ல சார், அதுங்களும் பிடிக்குது!" அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் உடனே வாயைத் திறந்தேன். "மெலடோனின் குறைஞ்சிடுச்சு, சரிம்மா. குடுவையில மிஞ்சியிருக்கிறது என்ன, எவ்வளவு? அதை அளந்தியா?" அவள் முகம் வாடிவிட்டது. பக்கத்திலிருந்த தம்பி, அமிலம் இருக்கும் இடத்தில் மெலடோனின் பிடித்ததைச் சில நேரம் திருப்பி விட்டுவிடும் என்று மெதுவாக ஒத்துக்கொண்டான். அப்படிப் போடு! பிடித்துவிட்டது என்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "சார் எதையுமே நம்பமாட்டார்" என்று சிரித்தீர்கள். உண்மைதான், நம்பமாட்டேன். என் மனைவி காப்பியில் சர்க்கரை போட்டேன் என்று சொன்னால்கூடக் கலக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். ஏன் இப்படி ஆனேன் என்று கேட்டீர்களே, சொல்கிறேன். உங்கள் நைட்ரஜன் சமாசாரம்தான் இதுவும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து அதிக காலம் ஆகாத நேரம் அது. மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ஆய்வுக்கூட உதவியாளன். பெயர் எதற்கு, விடுங்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன நாற்காலிகளில் உட்கார்ந்தவர்களுக்கு, கீழே முள் இருக்குமோ என்று பயம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்ட அவசரகாலச் சட்டம் வேறு இன்னும் எடுக்கப்படவில்லை. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் யாருக்கு அரிசி கொடுத்தார்கள் என்று ஊரே ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துப் பழகியிருந்தது. அந்தப் பழக்கம் வார்டுக்குள்ளும் வந்துவிட்டது.

அப்போதுதான் சரோஜா வந்தாள். கைக்குழந்தை. சீனக் குழந்தை, ஆனால் நெற்றியில் கறுப்புப் பொட்டு, இடுப்பில் அரைஞாண். அந்தக் காலத்தில் பெண் பிள்ளை அதிகம் என்று சில சீனக் குடும்பங்களில் கொடுத்துவிடுவார்கள், நம் ஆட்கள் வாங்கித் தமிழ்ப் பெயர் வைத்து வளர்ப்பார்கள். இவளை வாங்கி வளர்த்தவள் செல்லம், காஜா பெராங்கில் மாடு வைத்துப் பால் ஊற்றும் முனியாண்டியின் மனைவி. முனியாண்டி தெங்கேரா வரைக்கும் சைக்கிளில் பால் கொண்டு போவார். வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லை. அவருக்கும் சேர்த்து அவருடைய அக்கா பேசுவாள். அந்த அம்மாளும் அதே வீட்டில்தான் இருந்தாள்.

குழந்தையின் உதடும் நகமும் ஈயம் பூசியது போல நீலச் சாம்பலாக இருந்தன. இதயத்தில் கோளாறு என்றார்கள். பிராணவாயு கொடுத்தார்கள், நிறம் மாறவில்லை. ஆனால் வார்டில் சில நாள் படுத்திருந்ததும் தானாகவே சிவந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பினார்கள். நீலமாகத் திரும்பி வந்தது. மறுபடி வார்டில் தேறியது, மறுபடி அனுப்பினார்கள். மூன்றாம் முறை வந்தபோது முந்தைய இரண்டு தடவையையும் விட மோசம். அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

வார்டின் பெரிய மிசி (நர்ஸை அப்போது மிசி என்றுதான் கூப்பிடுவோம்) கண்டிப்பான பொம்பளை. என் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்று கேட்டாள்: "இங்க இருந்தா சிவப்பு, வீட்டுக்குப் போனா நீலம். இதுக்கு என்னய்யா அர்த்தம்? நீங்க படிச்சவர்தானே, சொல்லுங்க."

அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. சொல்லத்தான் யாரும் தயாராக இல்லை. அந்தக் குறையை முனியாண்டியின் அக்கா தீர்த்து வைத்தாள். வார்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஆரம்பித்துவிட்டாள். "வீட்டுல மாடு கறக்குது. இவ கடையில போய் டின் பால் வாங்கி ஊத்துறா. எங்கேயாவது உண்டா இது? பெத்தவளா இருந்தா செய்வாளா? மலடின்னு பேசுற ஊர் வாய்க்குப் பயந்து தூக்கிக்கிட்டு வந்தா. இப்ப பாரம்."

எங்கள் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என் வாழ்க்கையில் நான் குரு என்று ஒருவரைச் சொன்னால் அவரைத்தான் சொல்வேன். ஆனால் அவர் எனக்குப் பாடம் என்று எதையும் நடத்தியதில்லை, திட்டித்தான் வளர்த்தார். மூன்றாம் முறை குழந்தை வந்ததும் கொஞ்சம் ரத்தம் எடுத்து, குழாயை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இஞ்ச பாரும் காணும். என்ன நிறம்?" சாக்லேட் நிறம். குலுக்கினார். காற்றுப் பட்டால் ரத்தம் சிவக்க வேண்டும். இது அசையவில்லை, பழுப்பு பழுப்பாகவே நின்றது.

"இது இதயமில்லை. நைட்ரைட் மாதிரி ஏதோ சாமான் உள்ளுக்குப் போயிருக்கு" என்றார். ரத்தத்தில் மூச்சைச் சுமக்கிற பொருளை நைட்ரைட் கெடுத்துவிடும். கெட்டுப்போனது காற்றைச் சுமக்காது. பெரியவர்கள் உடம்பு அதைச் சரிசெய்துகொள்ளும், பச்சைக் குழந்தைக்கு அந்தச் சக்தி வந்திருக்காது. மெதிலின் நீலம் என்ற சாயத்தை ஊசியில் ஏற்றினார். நீலம் பிடித்த குழந்தைக்கு நீல மருந்தா என்று மிசி முணுமுணுத்தாள். கொஞ்ச நேரத்தில் உதடு ரோஜாப்பூப் போல ஆகிவிட்டது.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆனால் அதோடு இன்னொன்றும் வந்தது. இது வியாதி இல்லை என்றால், யாரோ கொடுத்திருக்கிறார்கள். இறைச்சி பதப்படுத்தும் உப்பில் நைட்ரைட் உண்டு, சில சாய மைகளும் இதே வேலையைச் செய்யும். கடையில் கிடைக்கிற சாமான்கள்தான். சமூகநல அதிகாரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். மாத்தாவுக்கும் தகவல் போனது. மாத்தா என்றால் போலீஸ். குழந்தையைப் பிரித்துக் காப்பகத்துக்குக் கொண்டு போவது, செல்லத்தை விசாரணைக்கு அழைத்துப் போவது என்று பேச்சு. அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த வீட்டுச் சாமானில் எதிலே விஷம் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும்.

காஜா பெராங்குக்குச் சைக்கிளை மிதித்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் செல்லத்தின் மேல்தான் சந்தேகம். வீட்டுக்குள் போனதும் சந்தேகம் கூடியது. மாட்டுக்காரர் வீடு, ஆனால் அடுப்படியில் ஒரு தூசு இல்லை. பால் போத்தலைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைத்திருந்தாள். எதைக் கழுவி மறைக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. "ஐயா, எதுல இருக்கும்? எதுல இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று என் பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எது பிடிபடும் என்று ஆழம் பார்க்கிறாளோ என்றும் நினைத்தேன். நாத்தனார் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு என் காதில் ஓதினாள். இவ்வளவு பேசுகிறாளே, இவளே ஏன் கொடுத்திருக்கக் கூடாது என்று அவளையும் ஒரு பார்வை பார்த்து வைத்தேன்.

பால் மாவு டின், வயிற்றுவலி மருந்து, பவுடர், உப்பு எல்லாவற்றையும் எடுத்தேன். குழந்தைக்கென்று கொதிக்க வைத்த தண்ணீர் பானையில் இருந்தது. கேட்டதும் ஒரு போத்தல் நிறைய ஊற்றிக் கொடுத்தாள். கிணற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். கொதித்த தண்ணீரில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் கொதித்த தண்ணீர்மேல் ஒரு பக்தி உண்டு.

மற்ற சாமானெல்லாம் சுத்தம். தண்ணீரில்தான் பிடிபட்டது. நைட்ரேட் இருந்தால் எங்கள் சோதனையில் மஞ்சள் நிறம் வரும், அதிகம் இருந்தால் அதிக மஞ்சள். அந்த நைட்ரேட்டைக் குழந்தையின் குடலில் இருக்கும் கிருமிகள் நைட்ரைட்டாக மாற்றிவிடும். கிணற்றுத் தண்ணீர் மஞ்சள் காட்டியது. செல்லத்தின் பானைத் தண்ணீரோ குழம்புக்கு மஞ்சள் தூளை அள்ளிப் போட்டது போல நின்றது. என் சோதனையில்தான் தப்பு என்று எல்லாவற்றையும் கழுவி மறுபடி செய்தேன். வாலைவடித்த சுத்தத் தண்ணீரையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன், அது நிறமே காட்டவில்லை. சோதனை சரி. பானைதான் மஞ்சள்.

டாக்டர் இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கிணத்தில கொஞ்சம் கிடக்கு. பானையில கனக்கக் கிடக்கு. இடையில ஒரு கை இருக்கு காணும்."

அவ்வளவுதான், முடிந்தது கதை. எழுதிக் கொடுத்துவிட்டால் மத்தியானம் மாத்தா ஜீப் வரும். பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு எழுத ஓடவில்லை. போட்டவள் அதே தண்ணீரை ஒரு போத்தல் நிறைய ஊற்றிக் கொடுப்பாளா? கெட்டிக்காரியாக இருந்தால் கொடுப்பாள். சரி, அவ்வளவு கெட்டிக்காரி ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை ஏன் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள்? சந்தேகம் என்பது அப்படித்தான். ஒருவரை நோக்கிக் கிளம்பும், விட்டால் உங்கள் பக்கமே திரும்பிப் பார்க்கும். அப்போது அதை விரட்டிவிடாதீர்கள்.

டாக்டரிடம் போய்ச் சாயங்காலம் வரை நேரம் கேட்டேன்.

"ஏன்?"

"இவ்வளவு லட்சணமா ஒரு முடிவு வந்தா எனக்குப் பயமா இருக்கு சார்."

அவர் கோபக்காரர். மேசையைத் தட்டினார். "பயமோ? நீர் இரக்கப்பட்டுப் பிழை விட்டா அந்தப் பிள்ளை அடுத்த முறை பிணமாத்தான் வரும். விளங்குதே?" விளங்கியது. எழுதினால் ஒரு தாயிடமிருந்து குழந்தை போகும், எழுதாமல் விட்டால் குழந்தையே போகும். நான் போகாமல் நின்றதும் அவர், "சரி, போயிட்டு வாரும். பிள்ளை வார்டை விட்டு அசையாது" என்றார்.

சொல்லாமல் கொள்ளாமல் கொல்லைப்பக்கமாகப் போய் நின்றேன். பார்வை நேரம் தவிர மற்ற நேரத்தில் செல்லத்தை மிசி வார்டுக்குள் விடுவதில்லை. அதனால் அவள் வீட்டில்தான் இருந்தாள். கரியடுப்பில் அதே பானை. குழந்தை வீட்டில் இல்லை, ஆனால் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது! பானையின் அடியில் கொஞ்சம் கிடந்தது. கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பு ஊற்றினாள், விசிறியால் கரியை ஊதினாள், மறுபடி கொதிக்க விட்டாள்.

"என்னம்மா செய்றீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "தண்ணி காய்ச்சுறேங்கய்யா. பாப்பா எப்ப வேணும்னாலும் வந்துடும்ல? வந்தா ரெடியா இருக்கணும்."

"எப்பலேருந்து கொதிக்குது?"

"காலையிலேருந்து. சுண்டச் சுண்ட ஊத்திக் காய்ச்சுவேன். கிளினிக்ல மிசி சொன்னாங்க, டின் பாலுக்குத் தண்ணிய நல்லாக் கொதிக்க வைக்கணும்னு. மொதல்ல கொஞ்ச நேரந்தான் வெச்சேன். பாப்பாவுக்கு முடியாமப் போன பிறகு கூடுதலா வெச்சேன். ரெண்டாந்தரம் முடியாமப் போச்சு, அப்புறம் நாள் பூரா வைக்கிறேன். எந்தக் கிருமியும் தப்பக்கூடாது பாருங்க!"

கொதித்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகும், நைட்ரேட் போகாது. ரசம் சுண்டினால் உப்புக் கரிக்கிறதே, அதே கதைதான். குழந்தைக்கு முடியாமல் போனால் இவள் இன்னும் காய்ச்சுகிறாள், காய்ச்சக் காய்ச்சக் குழந்தைக்கு இன்னும் முடியாமல் போகிறது. வார்டில் குழாய்த் தண்ணீர், அதனால் தேறிவிடுகிறது. கிணறு எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். மாட்டுக் கொட்டகைக்கு அடுத்தாற்போல். சிமெண்டு போட்டு, மூடி போட்டு, பார்க்கக் கண்ணாடி போலத் தண்ணீர். சாணியும் கோமியமும் வருஷக்கணக்காக மண்ணுக்குள் இறங்கினால் நைட்ரேட் வராமல் என்ன செய்யும்? அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

"ரோட்டுல பைப்பு இருக்கே, அதுல பிடிக்கக்கூடாதா?"

"கண்டவங்க கை வைக்கிற பைப்பு ஐயா. பச்சப் புள்ளைக்கு அதையா கொடுப்பேன்?"

இங்கேதான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அவள் சொன்னதை நான் நம்பிவிடவில்லை. மனசு நம்பச் சொன்னது, அதனாலேயே நம்பவில்லை. என் கையால் கிணற்றில் இறைத்தேன். சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், எங்கள் ஆய்வுக்கூடத்துப் பாத்திரத்தில், எங்கள் அடுப்பில், வேறு யார் கையும் படாமல் சுண்ட வைத்தேன். பெரிய மிசி வந்து எட்டிப் பார்த்தாள். "நீங்க ஒண்ணும் போடலியே?" என்று கேட்டாள். அடேயப்பா! எனக்கு அவள்மேல் அன்றைக்குத்தான் மரியாதை வந்தது. "நம்பிக்கை இல்லாட்டி நீங்களே பக்கத்துல நில்லுங்க" என்றேன். நின்றாள். டாக்டரும் வந்தார்.

கிணற்றுத் தண்ணீர் சுண்டியது. மஞ்சள் ஏறியது. செல்லத்தின் பானைத் தண்ணீரையும் என் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று எனக்கே தெரியவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இடையில கை இல்லை காணும். அடுப்புத்தான் கிடக்கு."

போனதையே பார்த்துக்கொண்டிருந்தால் மிஞ்சியதைக் கோட்டைவிட்டுவிடுவோம் என்று அன்றைக்குப் புரிந்தது. உங்கள் மெலடோனின் குடுவையைப் பார்த்து நான் மூக்கை நுழைத்தது அதனால்தான், அந்தத் தங்கச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சமூகநல அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது டாக்டரே தன் அறையில் அவரிடம் பேசினார். அதிகாரிக்கு லேசில் மனசு வரவில்லை. "இருந்தாலும், அந்த வீட்டுல..." என்று இழுத்தார். ரோட்டுக் குழாய்த் தண்ணீரைக் கொடுத்தால் போதும், கிணற்றுப் பக்கமே போக வேண்டாம், குழந்தைக்கு ஒன்றும் வராது, அதற்குத் தான் பொறுப்பு என்று டாக்டர் அடித்துச் சொன்னார். அதிகாரி தலையாட்டிவிட்டு, கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியைக் குடிக்க உட்கார்ந்தார். டாக்டருக்கு வேறு வார்டில் அழைப்பு. செல்லத்திடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

விழுந்தது என்றா சொன்னேன்? ஆசையாக ஓடினேன். ஒரு பொம்பளையை ஜீப்பிலிருந்து காப்பாற்றியவன் அல்லவா! அவளையும் முனியாண்டியையும் அதே அறைக்குக் கூட்டி வந்து உட்கார வைத்து, கிணறு, சாணி, நைட்ரேட், ஆவி என்று எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். கூடவே வந்த நாத்தனார் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

கடைசியில் செல்லம் கேட்டாள்: "கிணத்துல இருந்தபடியே கொடுத்திருந்தா, பாப்பா தாங்கியிருக்குமாய்யா?"

நான் சரியாகப் பதில் சொல்லிப் பழகியவன். "ஒருவேளை தாங்கியிருக்கும்மா."

"நான் காய்ச்சினதுனாலதான்..."

"ஆமா. சுண்டினதுனால."

"அப்ப, நான்தான் கொடுத்திருக்கேன்."

அத்தனை பேர் விஷம் வைத்தவள் என்று பேசியபோதெல்லாம் நிமிர்ந்து நின்றவள், இப்போது தலையைக் குனிந்தாள். அவள் எழுந்து போய், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அதிகாரியின் முன்னால் நின்றாள். "பாப்பாவக் கூட்டிக்கிட்டுப் போங்கய்யா. எங்கிட்ட வேணாம். நான் இன்னும் என்னென்ன நல்லதுன்னு நெனச்சுச் செய்வேனோ" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதிகாரி கோப்பையை வைக்கவும் தெரியாமல், குடிக்கவும் தெரியாமல் என்னைப் பார்த்தார். ஜீப் வந்திருந்தால்கூட இவளிடமிருந்து பிடுங்கித்தான் இருப்பார்கள். நான் விளக்கிய விளக்கத்தில் இவளே தூக்கிக் கொடுக்கிறாள்.

பெரிய மிசிதான் வந்தாள். வார்டுக் குழாய்த் தண்ணீரில் கலந்த பால் போத்தல் ஒரு கையில், கத்துகிற சரோஜா இன்னொரு கையில். மன்னிப்பு, கின்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "யார்கிட்ட வேணும்னாலும் அப்புறம் கொடு. இப்ப இதுக்குப் பசிக்குது. எங்க கையில பாதிக்கு மேல குடிக்க மாட்டேங்குது" என்று குழந்தையை அவள் மடியில் வைத்தாள். செல்லம் கையைத் தூக்கவில்லை. குழந்தை அவள் சேலையைப் பிடித்து இழுத்து, மூக்கை நுழைத்து, இன்னும் பலமாகக் கத்தியது.

முனியாண்டி பேசி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். "குடு செல்லம். பைப்புத் தண்ணிய நான் தூக்கிட்டு வர்றேன். நீ குடு."

அவள் போத்தலை வாங்கினாள். வாய் ரப்பரைக் கழற்றினாள். முதலில் தானே ஒரு வாய் குடித்தாள். குடித்துவிட்டு, நகம் நீலமாகிறதா என்று தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. மிசி, அதிகாரி, நாத்தனார், யாருமே சீக்கிரம் என்று சொல்லவில்லை. தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் ரப்பரை மாட்டிக் குழந்தையின் வாயில் வைத்தாள். சரோஜா கடைசிச் சொட்டு வரை குடித்தது.

அந்த விஷம் பெரியவர்களை ஒன்றும் செய்யாது. செல்லம் குடம் குடமாகக் குடித்துப் பார்த்தாலும் அதில் எதுவும் தெரிந்திருக்காது. அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லவில்லை.